மொட்டைமாடி சோலார் மக்கர் செய்தால்: எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது

பள்ளி, மருத்துவமனை, அலுவலகம், கிடங்கு என்று பெரிய கட்டடங்களின் கூரையில் ஓடும் சோலாரைப் பழுது பார்ப்பது என் அன்றாட வேலை. "சார், பேனல் போயிடுச்சு" என்றுதான் போன் வரும். போய்ப் பார்த்தால் பேனல் நன்றாகவே இருக்கும். பெருக்கும்போது துடைப்பக்கட்டை பட்டு ஒரு ஸ்விட்ச் இறங்கியிருக்கும், அல்லது அணில் ஒயரைக் கடித்திருக்கும்.

போனை எடுத்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மணிக்கு நின்றது, அப்போது வெயிலா மழையா? இதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. காலை 7 மணிக்கு வரும் பிழையும் பகல் 12 மணிக்கு வரும் பிழையும் வேறு வேறு ரகம். இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தைக் கட்டடத்துக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) பக்கத்தில் ஒரு நோட்டையும் கயிற்றில் கட்டிய பேனாவையும் தொங்கவிடுங்கள். கயிறு இல்லாத பேனா ஒரு வாரம்கூட அங்கே இருக்காது.

இங்கே சொல்வதெல்லாம் கிரிட்டோடு, அதாவது மின் நிறுவனத்தின் லைனோடு, சேர்ந்து ஓடும், பேட்டரி இல்லாத அமைப்புகளுக்கு. ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தில் தொடங்கிச் செலவுள்ளதற்குப் போகிறேன்.

## கை வைப்பதற்கு முன்

வெயில் இருக்கும்வரை பேனல் மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் கூரையிலிருந்து இறங்கும் டி.சி. (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) ஒயரில் மின்னழுத்தம் அப்படியே நிற்கும். ஒரு பேனல் 40 முதல் 50 வோல்ட். அப்படி 18 பேனலை வரிசையாகக் கோத்த ஒரு ஸ்ட்ரிங்கில் 800 வோல்ட்டைத் தொடும். ஏ.சி. (திசை மாறி மாறி ஓடும், லைனில் வரும் மின்சாரம்) பொறி அலை மாறும்போது தானாக அணைய வாய்ப்புண்டு, டி.சி. பொறி பிடித்தால் விடாது, எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போது கூரை மேல் எந்த கனெக்டரையும் பிடுங்காதீர்கள்.

அணைக்கும் வரிசை: முதலில் ஏ.சி. பிரேக்கர், பிறகு டி.சி. ஸ்விட்ச். ஏ.சி.யை எடுத்ததும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், ஒயரில் ஓட்டம் இருக்காது, அதன்பின் டி.சி.யைத் திருப்பினால் பொறி பறக்காது. போடும்போது டி.சி. முதலில், ஏ.சி. கடைசியில். இன்வெர்ட்டரின் கையேட்டில் வேறு வரிசை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கருகிய வாடை, உருகிய கனெக்டர், பெட்டிக்குள் "ஸ்ஸ்" என்ற சத்தம், இந்த மூன்றில் எது இருந்தாலும் கீழே உள்ள எதையும் முயல வேண்டாம். ஏ.சி.யை அணைத்து, எட்டும் தூரத்தில் பாதுகாப்பாக இருந்தால் டி.சி.யையும் அணைத்து, ஆட்களை விலக்கிவிட்டு நிபுணரைக் கூப்பிடுங்கள். தீப்பிடித்திருந்தால் தீயணைப்புத் துறை. அவர்கள் வந்ததும் கூரையில் சோலார் இருக்கிறது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

## அறிகுறி 1: பகலிலும் இன்வெர்ட்டர் திரை கறுப்பு

பல இன்வெர்ட்டர்களின் திரைக்குப் பேனலிலிருந்தே மின்சாரம் வருகிறது. இரவில் அணைந்து கிடப்பது இயல்பு. விடியற்காலையிலும், கனத்த மழைமேகத்திலும் அப்படித்தான். நல்ல வெயிலில் கறுப்பாக இருந்தால்:

டி.சி. ஸ்விட்ச். இன்வெர்ட்டரின் அடியிலோ பக்கத்திலோ திருகும் குமிழ் இருக்கும். கூரையிலிருந்து வரும் வழியில் இன்னொரு பெட்டியிலும் ஸ்விட்ச் இருக்கலாம். இரண்டையும் பாருங்கள். பெயின்ட் அடிக்க வந்தவர்கள் அணைத்துவிட்டுப் போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

திரை மட்டும் போயிருக்கலாம். விசிறி சுற்றுகிறதா, விளக்கு மினுக்குகிறதா, சோலார் மீட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அவசரம் இல்லை.

இடி இடித்த மறுநாள் என்றால் டி.சி. பெட்டியில் உள்ள சர்ஜ் தடுப்பான் (மின்னலின் திடீர் வோல்ட்டைத் தான் வாங்கிக்கொள்ளும் சிறு கருவி) ஜன்னல் போன்ற சிறு துளையில் பச்சை காட்டுகிறதா, சிவப்பா என்று பெட்டியின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். சிவப்பு என்றால் அது தன் உயிரைக் கொடுத்துவிட்டது, மாற்ற வேண்டும். சிவப்பானதால் மட்டும் உற்பத்தி நிற்காது. ஆனால் அதே இடி இன்வெர்ட்டரையும் தாக்கியிருக்கலாம் என்பதற்கு அது சாட்சி.

நிபுணர் எப்போது: ஸ்விட்ச் எல்லாம் போட்டும் வெயிலில் உயிர் வராவிட்டால். டி.சி. வோல்ட்டை நீங்களே அளக்கப் போக வேண்டாம். சாதாரண மல்டிமீட்டர்கள் பலவும் 600 வோல்ட்டோடு நின்றுவிடும். 800 வோல்ட்டில் வைத்தால் மீட்டர் கையிலேயே வெடிக்கலாம்.

## அறிகுறி 2: திரை எரிகிறது, "கிரிட் இல்லை" என்கிறது

உண்மையிலேயே கரண்ட் இல்லையா? கிரிட் போனால் இந்த வகை இன்வெர்ட்டர் நின்றே ஆக வேண்டும். லைனில் வேலை செய்பவர்மேல் உங்கள் கூரை மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். "இவ்வளவு செலவு பண்ணியும் கரண்ட் போனால் ஃபேன் ஓடலையே" என்று தலைமை ஆசிரியர்கள் வருத்தப்படுவார்கள். வருத்தம் நியாயம்தான், ஆனால் பழுது ஏதும் இல்லை.

கரண்ட் வந்துவிட்டது, இன்னும் ஓடவில்லையா? 5 நிமிடம் பொறுங்கள். லைன் நிலையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அது இணையும். திரையில் வினாடிகள் இறங்கிக்கொண்டிருக்கும்.

ஏ.சி. பிரேக்கர் இறங்கியிருக்கிறதா? ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். மறுபடி விழுந்தால் இன்னொரு முறை ஏற்றாதீர்கள். பகல் உச்சியில் மட்டும் விழுகிறதென்றால் டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்து சூடாகிறது என்று சந்தேகப்படலாம். பிரேக்கரின் முன்முகம் மஞ்சளித்திருந்தால் சந்தேகம் உறுதியாகிறது.

ஒரு ஃபேஸ் இல்லையா? கட்டடத்தில் ஒரு பகுதி விளக்கு மட்டும் எரியாது. இன்வெர்ட்டரை விட்டுவிட்டு மெயின் போர்டைப் பாருங்கள்.

நிபுணர் எப்போது: சில அறைகளில் விளக்கு கண்ணைக் கூச, சில அறைகளில் மங்கினால் நியூட்ரல் கழன்றிருக்கிறது. உடனே மெயினை அணைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். கம்ப்யூட்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து போகும்.

## அறிகுறி 3: காலையில் நன்றாக ஓடும், பகல் 11 மணிக்கு மேல் நின்று நின்று வரும்

திரையில் "ஏ.சி. வோல்ட் அதிகம்" என்ற பொருளில் ஒரு பிழை வரும். விடுமுறை நாளில் அதிகம் வரும். இதைத்தான் நான் மிக அதிகமாகத் திருத்துகிறேன். பேனலையும் இன்வெர்ட்டரையும் மாற்றிவிட்டு, பிறகு என்னைக் கூப்பிட்டவர்களும் உண்டு.

உள்ளே செலவு இல்லாதபோது சோலார் மின்சாரம் வெளியே போக வேண்டும். போகும் வழியில் வோல்ட் ஏறும். 230 வோல்ட் முறையில் பொதுவாக 10 சதவீதம் கூடுதல், அதாவது 253, எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் இன்வெர்ட்டர் விலகிவிடும். வோல்ட் இறங்கியதும் மறுபடி சேரும். நாள் முழுக்க இந்தக் கண்ணாமூச்சிதான்.

குற்றம் உங்கள் ஒயரிலா, வெளி லைனிலா என்று கண்டுபிடிக்க ஓர் எலெக்ட்ரீஷியனும் ஒரு மல்டிமீட்டரும் போதும். நல்ல வெயிலில், முழு ஓட்டத்தில், இன்வெர்ட்டரின் ஏ.சி. முனையில் ஓர் அளவு. அதே நேரம் மெயின் போர்டில் இன்னோர் அளவு. பிறகு இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு மெயின் போர்டில் மீண்டும் ஒன்று. ஒரு கட்டடத்தில் கிடைத்தது இது: இன்வெர்ட்டரில் 252, மெயின் போர்டில் 244, நிறுத்திய பின் 240. கிரிட்டால் ஏறியது 4 வோல்ட்தான். அவர்களுடைய சொந்த கேபிளிலேயே 8 வோல்ட் ஏறியிருந்தது. கேபிளில் 1 முதல் 2 சதவீதத்துக்குள், அதாவது 2.3 முதல் 4.6 வோல்ட்டுக்குள் இருப்பதுதான் நல்ல வேலைக்கு அடையாளம். மாடியிலிருந்து மெயின் போர்டுக்கு நீளமாக இழுத்த கேபிளில் மெலிந்ததைப் போட்டுச் சிக்கனம் செய்திருந்தார்கள்.

- வித்தியாசம் உங்கள் கேபிளில் என்றால்: முதலில் எல்லா இணைப்பையும் முறுக்கச் சொல்லுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் தடித்த கேபிள்.
- நிறுத்திய பின்னும் மெயின் போர்டில் 248, 250 என்று நின்றால்: லைனே உயர்ந்திருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பை (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மாற்றும்படி மின் நிறுவனத்துக்கு எழுதுங்கள். மணி வாரியாகக் குறித்த வோல்ட் பட்டியலை இணைத்தால் கடிதத்துக்கு மதிப்பு.
- மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் உயர்ந்தால்: கட்டடத்தின் மின் சுமை ஃபேஸ்களுக்குச் சமமாகப் பிரியவில்லை.

"எல்லையை 270 ஆக்கிக் கொடுத்துடுறேன்" என்று யாராவது அமைப்பைத் திருத்த வந்தால் விடாதீர்கள். இன்வெர்ட்டர் நிற்காது, உண்மைதான். மற்ற சாதனங்கள் பொசுங்கும். அந்த எண்ணை மாற்ற மின் நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டும்.

## அறிகுறி 4: மழை பெய்த மறுநாள் காலை ஓடாது, 10 மணிக்குத் தானாக ஓடும்

இன்வெர்ட்டர் ஒவ்வொரு காலையும் இணைவதற்கு முன் டி.சி. ஒயர்களிலிருந்து எர்த்துக்குக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் "இன்சுலேஷன் பிழை" காட்டி மறுக்கும். வெயில் ஏறி ஈரம் உலர்ந்ததும் சம்மதிக்கும். "தானா சரியாயிடுது சார்" என்று விட்டுவிடுவார்கள். விடக் கூடாத பிழை இது. எங்கோ ஓர் ஒயரில் தோல் உரிந்திருக்கிறது. நனைந்த பேனல் சட்டத்தைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கலாம்.

மழை விட்டு, கூரை காய்ந்த பிறகு ஏறி, எதையும் தொடாமல் குனிந்து பாருங்கள்:

- கூரைத் தளத்தில் கிடக்கும் ஒயர். தேங்கிய நீரில் கனெக்டர் மூழ்கிக் கிடப்பதுதான் முதல் காரணம். கட்டிய டேக் வெயிலில் ஓரிரு வருடத்தில் நொறுங்கிவிடும், ஒயர் தொங்கி இறங்கிவிடும்.
- பேனலுக்கு அடியில் கூடு, பஞ்சு, எலிப் புழுக்கை. அங்கே பல்தடம் தேடுங்கள்.
- ஒயர் போகும் குழாய் மேல்நோக்கித் திறந்திருந்தால் மழைநீர் உள்ளே போய் வளைவில் நிற்கும்.
- ஒன்றோடொன்று கோத்திருக்கும் இரு கனெக்டரும் ஒரே தயாரிப்பா? எம்சி4 (பேனல் ஒயர்களில் வழக்கமாக வரும் கனெக்டர்) மாதிரியே இருக்கும் வேறு தயாரிப்பைச் செருகினால் "கிளிக்" என்று பொருந்தும். ஆனால் உள்ளே இடைவெளி இருக்கும். தண்ணீரும் புகும், சூடும் ஏறும்.

நிபுணர் எப்போது: இரண்டாம் முறை வந்தாலே. ஸ்ட்ரிங் ஒவ்வொன்றாகப் பிரித்து மெகர் (ஒயரின் தோல் வழியே கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்ப்பது அவர் வேலை. ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: பிழை வரும் நேரத்திலேயே, ஈரம் காய்வதற்கு முன் வர வேண்டும். மதியம் சாவகாசமாக வருபவர் "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போவார்.

## அறிகுறி 5: ஓடுகிறது, யூனிட் குறைவு

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்வோம். 100 கிலோவாட் பேனல் 100 கிலோவாட் தராது. அந்த அளவு பேனலின் செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. உச்சி வெயிலில் செல் 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும். வெப்பத்துக்கே 12 சதவீதம் போச்சு. பகல் 12 மணிக்கு 80 கிலோவாட் வந்தால் அது நல்ல அமைப்பு. போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், போன வருடத்தின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

எல்லா ஸ்ட்ரிங்கும் சமமாகக் குறைந்தால் அழுக்கு. ஒரு ஸ்ட்ரிங்கை மட்டும் கழுவிவிட்டு மறுநாள் மற்றதோடு ஒப்பிடுங்கள். கழுவும் செலவு தேறுமா என்று எண்ணே சொல்லும். அதிகாலையில் கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் பிடிக்கும், அது தூசியைவிட மோசம். சாய்வு குறைந்த பேனலில் கீழ்ச் சட்டத்தை ஒட்டி விரல் அகலத்துக்கு ஒரு சேற்று வரி படியும். நடுவில் பளிச்சென்று இருப்பதால் யாருக்கும் கண்ணில் படாது. அந்த ஒரு வரி அடி வரிசைச் செல்கள் அத்தனையையும் மூடியிருக்கும். பேனல் மேல் ஏறி நின்று மட்டும் கழுவாதீர்கள். கண்ணாடி தாங்கும், உள்ளே செல் கீறும்.

ஒரு ஸ்ட்ரிங் மட்டும் குறைந்தால் இன்வெர்ட்டர் திரையில் டி.சி. அளவுகள் காட்டும் பக்கத்தைப் பாருங்கள், ஸ்ட்ரிங் வாரியாக ஆம்பியரும் வோல்ட்டும் இருக்கும்.

- 9.1, 9.0, 9.2, 0 என்றால்: நான்காவதன் ஃபியூஸ் போயிருக்கிறது அல்லது ஒயர் அறுந்திருக்கிறது. ஃபியூஸை மாற்றுவதும் நிபுணர் வேலைதான். ஓட்டத்தில் உருவினால் பொறி.
- காலையில் சரி, மாலை 3 மணிக்கு மேல் மட்டும் குறைவு: நிழல். புதிதாக வைத்த தண்ணீர்த் தொட்டி, வளர்ந்த மரம், செல்போன் கோபுரம். அந்த நேரத்தில் ஏறிப் பாருங்கள்.
- ஸ்ட்ரிங்குக்குத் தனித்தனி உள்ளீடு உள்ள இன்வெர்ட்டரில் ஆம்பியர் சமம், வோல்ட் மட்டும் 13, 14 குறைவு, நாள் முழுக்க: ஒரு பேனலில் மூன்றில் ஒரு பங்கு விலகி நிற்கிறது. பறவை எச்சம் ஒட்டியிருக்கலாம். துடைத்தும் மாறாவிட்டால், அந்தப் பங்கை விலக்கிவிட்டு மின்சாரத்துக்கு மாற்றுவழி தரும் டயோடு கெட்டிருக்கலாம். வெப்பக் கேமரா வைத்திருப்பவரைக் கூப்பிடும் கட்டம் இது.

உச்சி நேரத்தில் வரைபடம் தட்டையாக இருந்தால் எந்த அளவில் தட்டை என்று பாருங்கள். இன்வெர்ட்டரின் முழுத் திறனில் தட்டை என்றால் பேனல் அதிகமாகப் போட்டிருக்கிறார்கள், பழுதில்லை. அதற்குக் கீழே தட்டை அல்லது பள்ளம் என்றால் இன்வெர்ட்டருக்குச் சூடு. விசிறியில் தூசி, மேற்கு வெயில் படும் சுவர், அல்லது அந்த அறையையே பழைய பெஞ்சு போட்டு வைக்கும் கிடங்காக்கியிருப்பார்கள். கடைசியாகச் சொன்னது பள்ளிக்கூடங்களின் தனி முத்திரை.

## அறிகுறி 6: சோலாரோடு சேர்ந்து ஓடும்போது ஜெனரேட்டர் நின்றுவிடுகிறது

சோலார் இன்வெர்ட்டர் ஜெனரேட்டரைக் கிரிட் என்று நினைத்துச் சேர்ந்துவிடும். கட்டடத்தின் சுமை 40 கிலோவாட், சோலார் 35 என்றால் ஜெனரேட்டருக்கு மிச்சம் 5. பிள்ளைகள் வீட்டுக்குப் போய் ஃபேன் எல்லாம் அணைந்தால் சோலார் ஜெனரேட்டரையே பின்னால் தள்ளும். டீசல் ஜெனரேட்டரை அதன் திறனில் 30 சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓட்டக் கூடாது. எரியாத டீசல் புகைக்குழாயில் கறுப்பாக ஒழுகும்.

இன்றைக்குச் செலவில்லாத வழி: ஜெனரேட்டர் போடும்போதெல்லாம் சோலாரின் ஏ.சி. பிரேக்கரை இறக்குங்கள். அடுத்தது, அதைத் தானாகச் செய்யும் இன்டர்லாக். ஜெனரேட்டர் அடிக்கடி ஓடும் இடமானால், சுமையைப் பார்த்து சோலாரைக் குறைக்கும் கன்ட்ரோலர். பின்னது இரண்டும் நிபுணர் வேலை.

## அறிகுறி 7: யூனிட் நன்றாக வருகிறது, பில் குறையவில்லை

செலவு கூடியிருக்கிறதா? "சோலார்தான் இருக்கே" என்று புதிதாக நாலு ஏ.சி. மாட்டியிருப்பார்கள். அதைச் சொல்லாமல் என்னைத் திட்டுவார்கள்.

மீட்டர் சரியா? விடுமுறை நாளில் பகல் 12 மணிக்கு மீட்டர் முன் நில்லுங்கள். வெளியே அனுப்பும் கணக்கு ஏற வேண்டும். இருதிசை மீட்டர் பொருத்தாத இடத்தில், சில மின்னணு மீட்டர்கள் வெளியே போவதையும் உள்ளே வந்ததாகவே எண்ணும். நீங்கள் கொடுத்த மின்சாரத்துக்கு நீங்களே காசு கட்டுவீர்கள்.

பில்லில் எந்தக் கட்டணம் குறையவில்லை? உச்ச தேவைக் கட்டணம் (ஒரே நேரத்தில் அதிகபட்சமாக இழுத்த அளவுக்கு வாங்குவது) மாலை 6 மணிக்கு ஏறினால் சோலாரால் அதைத் தொட முடியாது.

பவர் ஃபேக்டர் அபராதம். மோட்டார்கள் காந்தத்துக்காக வாங்கித் திருப்பிவிடும் மின்சாரம்தான் ரியாக்டிவ். உண்மையில் வேலை செய்யும் கிலோவாட்டோடு ஒப்பிட அது கூடினால் பவர் ஃபேக்டர் 1-இலிருந்து இறங்கும். தொழிற்கூடங்களில் சோலார் வைத்த மறுமாதமே முளைக்கும் கட்டணம் இது. கணக்கு இப்படி: சுமை 100 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.95. மோட்டார்களுக்கு வேண்டிய ரியாக்டிவ் சுமார் 33. சோலார் 70 கிலோவாட்டைக் கொடுத்துவிட்டது. கிரிட்டிலிருந்து இனி 30 தான். ஆனால் ரியாக்டிவ் 33 அப்படியே கிரிட்டிலிருந்தே வருகிறது. மீட்டருக்குத் தெரியும் பவர் ஃபேக்டர் 0.67. மோட்டார் எதுவும் கெடவில்லை, கூடுதலாக எதுவும் ஓடவில்லை, அபராதம் மட்டும் வந்துவிட்டது.

- முதலில் இன்வெர்ட்டர் அமைப்பு. அதையே 0.95 இல் ரியாக்டிவ் கொடுக்க வைத்தால் 70 கிலோவாட்டோடு 23 ரியாக்டிவ் வரும். கிரிட்டுக்கு மிச்சம் 10, பவர் ஃபேக்டர் மீண்டும் 0.95. நிறுவியவரிடம் சொன்னால் போதும், உதிரிபாகச் செலவு இல்லை.
- அடுத்து, ரியாக்டிவை ஈடுகட்டும் கெப்பாசிட்டர் பெட்டியின் சி.டி. (ஓட்டத்தை அளக்கும் வளையம்) எங்கே மாட்டியிருக்கிறது? சோலார் சேரும் இடத்துக்குப் பின்னால், சுமைப் பக்கம் இருந்தால் அதற்கு எல்லாம் 0.95 என்றே தெரியும், சும்மா இருக்கும். கிரிட் பக்கம் மாற்ற வேண்டும்.
- மாற்றிய பிறகும் மின்சாரம் வெளியே போகும் நேரத்தில் தடுமாறினால், கெப்பாசிட்டர்களை இயக்க, இரு திசையும் புரியும் ரிலே வாங்க வேண்டியதுதான்.

## அறிகுறி 8: செயலியில் பூஜ்யம்

இன்வெர்ட்டர் திரையைப் போய்ப் பாருங்கள். அங்கே எண் ஓடினால் காரணம் மாற்றிய வைஃபை கடவுச்சொல், அல்லது டேட்டா தீர்ந்த சிம். ஆனாலும் அந்தப் படி ஏறுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே "நெட் பிரச்சினை" என்று முடிவு கட்டிய ஓர் அலுவலகத்தில் சோலாரின் பிரேக்கர் 23 நாள் இறங்கிக் கிடந்தது.